கார்மிஷ் தியேட்டரில் அவர் பேசுவாரா?

2005 அக்டோபரில் அம்மா மியூனிக் வந்திருந்தார். அரண்மனை, அருவி என்று நான் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் ரயில் நிலையத்தில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டரால் கவிழ்ந்தது. அதைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். "அவருடி!"

அவர் ஓர் அமெரிக்கப் பாடகர். திருச்சியில் கல்லூரிக் காலத்தில் ரேடியோவில் கேட்டே அவர் பாட்டெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். அப்பாவையே பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், இவர் பேரை மட்டும் சொல்லமாட்டார். பாடகர் ஓட்டலில் தட்டுக் கழுவி, கிளப்புகளில் பாடி, இசைத்தட்டுகளால் புகழ் வந்து சினிமாவுக்குப் போனவர். நடுவில் அமெரிக்க ராணுவச் சேவைக்காக இங்கே, மியூனிக்குக்குத் தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கார்மிஷ் ஊரில் இருந்தார். திரும்பிப் போனபோது அமெரிக்காவில் புது மாதிரிப் பாட்டு வந்து, அவரை மறந்துவிட்டார்கள். சின்னச் சின்ன வேடங்கள், பிறகு மாரடைப்பில் போய்விட்டார். கார்மிஷ்காரர்கள் மட்டும் மறக்காமல் அவருடைய பழைய படத்தைத் திரையிடுகிறார்கள்; போஸ்டர் அதற்குத்தான்.

"பாட்டுதான் கேட்டிருக்கேன். சாதாரணமா எப்படிப் பேசுவார்னு ஒரு தடவை கேக்கணும்" என்றார் அம்மா. ஊர் திரும்ப நாலே நாள்தான் இருந்தது.

புதன்கிழமை மதியம் 12.32 ரயில். நூறு கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். டுட்சிங் என்ற ஊர் வரை இடப்பக்கம் உட்காருங்கள், ஏரி கூடவே வரும். அன்று மூடுபனி. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. ஒரு படகு வெள்ளைக்குள் சும்மா நின்றது. அம்மா ஜன்னலில் தலை சாய்த்து ஏதோ முனகிக்கொண்டே வந்தார்.

கார்மிஷில் டாக்சி ஆறு யூரோ. எங்கள் தமிழைக் கேட்டதும் ஓட்டுநர் திரும்பினார், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். அம்மா ஆசையைச் சொன்னார்.

"ஐயோ அம்மா, படம் டொச்சிலதான் போடுவினம். இஞ்ச எல்லாருக்கும் வேற ஆள்தான் கதைக்கிறது. அவற்ற குரலைக் கேக்க ஏலாது."

மியூனிக் வந்து எட்டு மாதத்தில் நான் போனது படத்தை ஆங்கிலத்திலேயே போடும் ஒரு தியேட்டருக்குத்தான். ஜெர்மன் டப்பிங் எனக்குத் தோன்றவே இல்லை.

"நம்ம ஊர்ல நடிக்கிறவர் ஒருத்தர், பாடுறவர் ஒருத்தர். இவர்கிட்ட ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. பிறகு, "வந்தது வந்தாச்சு, பாட்டையாவது கேப்போம்."

இரண்டரை மணி காட்சி, டிக்கெட் ஆளுக்கு ஐந்து யூரோ, மொத்தம் பதினைந்து பேர் இருப்போம். அவர் வாயைத் திறந்ததும் யாரோ ஒருவரின் கனத்த ஜெர்மன் குரல் வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாட்டுகளில் மட்டும் அவர் குரல் அப்படியே இருந்தது. பாட்டு வந்தால் அம்மா நிமிர்வார், வசனம் வந்தால் குனிவார்.

மூன்றாவது பாட்டு, மழையில் ஒரு ரயில் நிலையம். நடுவில் இசை அடங்கியது. அவர் காதலியைப் பார்த்து, பாடாமல், ஆங்கிலத்தில் சொன்னார்: "மழை வருது, நீ உள்ளே போ. நான் கொஞ்ச நேரம் நிக்கிறேன்." பாட்டுக்குள் இருந்ததால் டப்பிங்காரர்கள் அதைத் தொடவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் கரகரப்பான, சாதாரணமான குரல். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்கே அழுகை வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், தியேட்டருக்குள்ளும் குளிர். படம் எந்த மொழியில் என்று டிக்கெட் வாங்குமுன் கேளுங்கள். ஆனால் ஜெர்மன் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

வெளியே அதே டாக்சி நின்றது. "என்னம்மா, குரல் கேட்டதோ?"

அம்மா முதல் முறையாகப் பாடகரின் பேரைச் சொன்னார். முழுப் பேரையும். "பேசினார் தம்பி. சளி பிடிச்சிருக்கு அவருக்கு, பாவம். மழையில நிக்கிறார்."