முருகைக் கொப்பு

கல்லுப் பொறுக்கப் போய் வேலையைத் தொலைத்தவள் என்றுதான் ஊரில் என்னைச் சொல்கிறார்கள். சொல்லும்போது ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். சிரிக்கட்டும். போனது வேலை மட்டும் என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

பரந்தனுக்கு வடக்கே பழைய போர் முன்னரங்கு இருந்த காணிகளில் ஒன்பது வருஷம் மிதிவெடி அகற்றினேன். விடிய முதல் சந்தியில் வாகனம் வந்து ஏற்றும். அங்கே போனால் நெஞ்சுக்குக் கனத்த அங்கி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, முழங்காலுக்குக் கீழே கொதிக்கிற மணல். ஆளுக்கு ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை பிரித்துத் தருவார்கள். அதை ‘லேன்’ என்போம். டிடெக்டர் கத்திய இடத்தில் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சுரண்டியும் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்தான் முடியும். பொறுமைசாலி என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை, ஆனால் உயிர்ப்பயம் எந்த விசரியையும் பொறுமைசாலி ஆக்கிவிடும்.

முதல் கல் கிடைத்த அன்று நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். டிடெக்டர் கத்தியது. சுரண்டினேன். விரல் நீளத்தில், புரி போட்டு, நுனி கூராகி ஒன்று மண்ணுக்குள் படுத்திருந்தது. வெடியின் திருகாணி என்று நினைத்து அப்படியே உறைந்துபோய்க் கையைத் தூக்கினேன். சுப்பவைசர் வந்து குனிந்து பார்த்தார். கத்தியது பக்கத்தில் கிடந்த ஷெல் துண்டு. புரி போட்டது வெறும் கல்.

“கல்லுக்கே பயந்தனீர்? நல்ல ஆள்தான்!” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்லைச் சப்பாத்துக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தொலைபேசியில் படம் பிடித்துத் தேடினேன். அது ஒரு கடல் நத்தை. நத்தை செத்து, கூட்டுக்குள் சேறு நிரம்பி, சேறு கல்லாகி, கூடு கரைந்து, உள்ளிருந்த புரி மட்டும் மிஞ்சியது. இரண்டு கோடி வருஷம் இருக்கலாம் என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் உயிர்ச்சுவடு என்று ஒரு பாடம் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன பாடம்.

பிறகு விடவில்லை. அந்தப் பக்கம் மேல் மணலுக்குக் கீழே எல்லாம் சுண்ணாம்புக் கல். பங்கர் வெட்டியவர்கள், எந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தாலும், அதை உடைத்து மேலே கொட்டியிருந்தார்கள். அந்தக் குவியல்களில் சிப்பி அச்சு, நத்தைப் புரி, பவளப் பாறையில் கிளைக்கிற முருகைக் கொப்பு என்று ஒரு கடலே கிடந்தது. கண்ணுக்குப் பட்டதைச் சப்பாத்துக்குள் போடுவேன், சாப்பாட்டுப் பெட்டிக்குள் போடுவேன். இங்கிலீஷ் பேர்களை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துத் தமிழில் எழுதிக்கொள்வேன். பிழையாகத்தான் எழுதியிருப்பேன். திருத்த ஆள் இல்லை. குசினி அலுமாரியில் சீனியும் பருப்பும் கல்லுக்கு இடம் விட்டுக் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டன.

ஏன் இந்த விசர் என்று கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். அந்த நிலத்தில் நான் கண்டதில் ஒருவரும் கொல்லாமல் செத்தது இவை மட்டும்தான். அவற்றைக் கையில் எடுத்தால் எனக்கு நெஞ்சு அடைக்காது.

எனக்குப் பக்கத்து லேனில் வேலை செய்தவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிறந்தது இங்கே என்பதால் அவள் எங்களைப்போலத்தான் கதைப்பாள். எல்லோரும் சம்பளத்துக்கு வந்தோம். அவள் தமையனைத் தேடி வந்தாள். கடைசிச் சண்டைக் காலத்தில் அவன் இந்த முன்னரங்கில் நின்றதாக ஒருவர் சொன்னது மட்டும்தான் அவர்களிடம் இருந்த தகவல். அதற்குப் பிறகு ஆள் இல்லை. செத்தான் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

நான் அந்த வகையில் பாக்கியசாலி. என் ஆள், கட்டின மனுசன், எங்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியும். தண்ணீரூற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பனையடியில் நானே மண் தள்ளி மூடினேன். அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன். அவளுக்கு அதுகூட இல்லை.

“அக்கா, ஏதும் எலும்பு கண்டால் சுப்பவைசரிட்டச் சொல்ல முதல் எனக்குச் சொல்லுங்கோ” என்று ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில் கேட்டாள். “நான் ஒண்டும் செய்ய மாட்டன். ஒருக்காப் பார்க்கத்தான்.”

“சொல்லாமல் விடுவனே? முதல் உனக்குத்தான்” என்றேன். தன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

எலும்பு தெரியாத ஆளில்லை நான். ஒன்பது வருஷத்தில் மூன்று தரம் என் லேனிலேயே வந்தது. வந்தால் கை எடுத்துவிட வேண்டும். கட்டை நட்டு, நாடா கட்டி, பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அறிவித்து, அவர்கள் வந்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் போகவே கூடாது. ஆனால் அந்த மூன்றும் காலெலும்பு, மண்டை, சப்பாத்தோடு பாதம். கண் தெரியாதவனுக்கும் தெரிகிற எலும்புகள்.

என் வேலையைத் தொலைத்த அந்தக் கல்லை எடுத்தது ஒரு பங்கர் குவியலில். சுண்டுவிரலின் ஒரு கணு அளவு. நடுவில் ஒடுங்கி, இரண்டு நுனியும் கொஞ்சம் தடித்து, சுற்றிவர சுண்ணாம்பு மண் இறுகிப்போய் இருந்தது. நான் முருகைக் கொப்பு என்று நினைத்தேன். எத்தனையோ கொப்பு பார்த்த கண்தானே, அதற்கும் பேர் வைத்துவிட்டது. சப்பாத்துக்குள் போட்டேன்.

வீட்டில் இறுகிய மண்ணைக் கழற்ற, ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரியில் போடுவது என் வழக்கம். தண்ணி கலந்து, ஐந்தே நிமிடம். அதற்கு மேல் விட்டால் சுண்ணாம்புக் கல்லும் நுரைத்துக் கரைந்துபோகும். அப்படி நல்ல இரண்டு சிப்பியைக் கரைத்துக் குடித்திருக்கிறேன். இதைப் போட்டபோது மேல் மண் மட்டும் நுரைத்தது. உள்ளே இருந்தது அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சில முருகைக் கொப்புகள் கோடி வருஷத்தில் தீக்கல்லாக மாறிவிடுமாம், அவற்றை வினாகிரி தொடாதாம் என்று வாசித்திருந்தேன். அப்படி ஒன்று என் கைக்கு வந்துவிட்டது என்று துள்ளினேன். தண்ணி கலக்காத வினாகிரியை ஜாம் போத்தலில் ஊற்றி, அதைப் போட்டு, மூடி, ஒரு துண்டில் ‘முருகைக் கொப்பு’ என்று எழுதி ஒட்டினேன். ஒரு கிழமை, ஏழு நாள், கிடக்கட்டும், சுத்தமாக வரும் என்று விட்டேன்.

இடையில் ஒருநாள் பக்கத்து லேன்காரி முருங்கைக்காய் கொண்டு வந்தாள். குசினிக்குள் வந்தவள் அந்தப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து ஆட்டினாள்.

“என்ன அக்கா இது, ஊறுகாயோ?”

“கோதாரி, வை அதை! உன்ர பரம்பரையே காணாத சாமான். ஞாயிற்றுக்கிழமை வா, எடுத்துக் காட்டுறன்.”

“உங்கட கல்லுக்கு ஒரு நாளைக்குக் கோயில் கட்டுவியள்” என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

ஞாயிறு காலை எடுத்தேன். கழுவி, பிரஷ்ஷால் தேய்த்தேன். தேய்க்கும்போது அது வளைந்தது.

கல் வளையாது. கையில் ஏதோ பிழை என்று நினைத்து மற்றக் கையால் பிடித்தேன். திரும்பவும் வளைந்தது, றப்பர் துண்டு மாதிரி. விட்டதும் நிமிர்ந்தது. கோழி எலும்பை வினாகிரியில் போட்டு வளைத்துக் காட்டுவார்கள் பள்ளிக்கூடத்தில். அந்த விஞ்ஞான அறை வாசனையோடு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கணுவைப் பார்த்தேன். என் சுண்டுவிரலையும் பார்த்தேன். ஐயோ கடவுளே என்று கத்தினேனோ, நினைத்தேனோ தெரியாது. போத்தலில் ஒட்டியிருந்த துண்டை உரித்தேன்.

அவள் வந்து கேட்டைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. குசினி நிலத்தில் இருந்துகொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தேன். இரண்டு நாள் அப்படியே விட்டேன். காணிக்குள்ளிருந்து ஒரு கல்லுக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது முதல் நாளே கையெழுத்து வாங்கிய சட்டம். சொன்னால் வேலை போகும். அந்த இரண்டு நாளும் நான் நினைத்தது சம்பளத்தைத்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மூன்றாம் நாள் சந்தியில் வாகனத்துக்கு நிற்கும்போது அவளை ஒரு பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். ஒரு துணியில் சுற்றிக் கொண்டு போயிருந்தேன். அவள் வாங்கி, பிரித்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“இதையோ அண்டைக்கு நான் ஆட்டினனான்?”

“ஓம்.”

பிறகு கேட்டாள்: “எந்த இடத்தில எடுத்தனீங்கள்?”

என் அலுமாரியில் கிடந்த ஒவ்வொரு கல்லிலும் பேர் ஒட்டியிருந்தது. ஒன்றில்கூட இடம் எழுதவில்லை. யாராவது கண்டால் மாட்டிக்கொள்வேன் என்று வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். எங்கே கிடைத்தது என்று எழுதாத உயிர்ச்சுவடு குப்பைக்குச் சமம் என்று நான் வாசித்த எல்லோரும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அந்த மாதம் மட்டும் எட்டோ பத்தோ பங்கர் குவியலில் பொறுக்கியிருந்தேன்.

“தெரியேல்லப் பிள்ளை. இடம் எழுதேல்ல.”

கோபம் வந்தால்தான் அவளுடைய வீட்டுப் பேச்சு, அந்த மலைநாட்டுப் பேச்சு, வெளியே வரும். அன்றைக்குத்தான் என் மேல் வந்தது.

“நத்தைக்குப் பேரு எழுதத் தெரியுது. இதுக்கு எடம் எழுதத் தெரியலையா?”

“அது ஆமிக்காரன்ர விரலாயும் இருக்கலாம்...” என்று தொடங்கினேன். என்ன மனுசி நான்.

“யாரா இருந்தா என்ன? ஊறப் போட்டீங்களே.”

துணியைச் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். வாகனத்தில் என் பக்கத்தில் இருக்கவில்லை. இறங்கியதும் நேரே சுப்பவைசரிடம் போனாள். எனக்கு அன்றே வேலை போனது. நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

நீதிமன்றத்துக்காக எலும்பு பார்க்கிற சட்ட வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, வளர்ந்த ஒருவரின் கைவிரல் எலும்புதான் என்றார். யாருடையது என்று அறியப் பரிசோதனைக்கு அனுப்பலாம், ஆனால் இவ்வளவு நாள் வினாகிரியில் கிடந்ததில் பதில் வருமென்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்றார். நம்பிக்கொண்டு இருக்கிறவள் அவருக்கு முன்னால்தான் நின்றாள். இடம் தெரிந்தால் அங்கே மிச்சம் இருக்கலாம் என்றும் சொன்னார்.

நீதவான் அனுமதி தந்த பிறகு, இடம் காட்டச் சொல்லி என்னைக் கூட்டிப்போனார்கள். எனக்கு ஞாபகம் இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மூன்று பங்கரைக் காட்டினேன். முதலாவதில் ஒன்றும் இல்லை, துருப்பிடித்த ஒரு குவளை மட்டும். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை வெட்டத் தொடங்கும்போது மத்தியானம். பழைய குழு ஆட்கள்தான் அரிதட்டில் மண் அரித்தார்கள். அவளும் இருந்தாள். நாடாவுக்கு வெளியே, ஒரு பொலிஸ்காரருக்குப் பக்கத்தில், நான் வெயிலுக்குள் நின்றேன். வரட்டும், ஒரு விரலாவது வரட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எலும்பு வரச் சொல்லிக் கும்பிட்டேன்.

பின்னேரம் வரை அரித்தார்கள். சுண்ணாம்புக் கல்லும் சிப்பியும்தான் வந்தன. வைத்தியர் போதும் என்று கையைக் காட்டினார். எல்லோரும் எழும்பினார்கள். அவள் மட்டும் அரிதட்டுக்கு முன்னால் குந்தியபடி இருந்தாள். பிறகு அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு நாடாவுக்குக் கிட்ட வந்தாள்.

“இந்தாங்க” என்று நீட்டினாள். “உங்க ஆளு வந்துருச்சு. எங்க ஆளுதான் வரல.”

கடல் முள்ளெலி. முள்ளெல்லாம் உதிர்ந்த ஓடு. உடையாமல், ஒரு பணிஸ் ரொட்டி அளவில் முழுசாக, மேலே ஐந்து இதழில் பூவோடு. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு. வாங்கிய கை அதைப் புரட்டியது. வாய் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதன் இனம் பிரிப்பது. என் கண் அதைத் தேடியது. நடுவில் இருந்தது. நிமிர்ந்தேன். அவள் போகவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.