வீடியோ டாக்டரிடம் ஒளித்த இருமல்

என் வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டியதும் அரசாங்கம் ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்தது. அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். நெஞ்சு கிழிகிற மாதிரி இருமுகிற மனுஷன் செய்கிற வேலையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாங்க, அது ஆஸ்பத்திரிக்குக் குடுத்ததா, பூஜைக்குக் குடுத்ததா?"

"எனுக்கு இன்னா கொறச்சல்? கம்முனு இரு."

குறைச்சல் இல்லையாம்! அதற்கு முந்தின வாரம்தான் குளித்துவிட்டுக் கட்டிலுக்கு வருவதற்குள் ரெண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் போய்விடுவாரோ என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன்.

ஊரிகத்தில், தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே போய் விசாரித்தேன். நர்ஸ் பொண்ணு பொறுமையாகச் சொன்னாள்.

"வீடியோவுல டாக்டர்கிட்ட பேசறதுக்குக் கார்டே வேணாம்மா, அது ஃப்ரீ. அட்மிட் பண்ணாத்தான் கார்டு. ஆனா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும். அந்தச் சீட்டு இல்லாம கார்டை மட்டும் எடுத்துக்கினு போனா திருப்பி அனுப்பிடுவாங்க."

அந்த ஒரு சீட்டுக்காகத்தான் புதன்கிழமை காலையில் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டடத்துக்குப் பின்பக்கம் போனார். அங்கே இருமித் துப்புகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்தார். பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரம்மா தெரிந்தார்.

"சொல்லுங்க ஐயா, என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நல்லா கீறேன்."

"இருமல்?"

"அதெல்லாம் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டினாள். உட்கார்ந்திருக்கிறவருக்கு அது நன்றாகத்தான் காட்டியது. "நான் இங்கேயிருந்து உங்க நெஞ்சுல குழல் வெச்சுப் பார்க்க முடியாது. நீங்க சொல்றதை வெச்சுத்தான் எழுதணும்" என்றார் டாக்டரம்மா. இவர் தலையை ஆட்டினார். அப்போதுதான் கவனித்தேன். ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருந்தது. உள்ளே பனங்கற்கண்டு.

புரிந்துபோயிற்று. மைன்ஸ் ஓடின காலத்தில் இவருக்குப் பூமிக்கடியில் வேலை. அவ்வப்போது மெடிக்கல் செக்கப் வைப்பார்கள். நெஞ்சில் தூசி என்று எழுதிவிட்டால் ஆளைத் தரைக்கு மேலே வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த சர்ஃபேஸ் வேலைக்குச் சம்பளம் குறைவு. அதனால் எங்கள் லைனில் எல்லா ஆம்பிளைகளும் முன்கூட்டியே இருமித் தீர்த்துவிட்டு, கற்கண்டை அடக்கிக்கொண்டு, டாக்டர் முன்னால் மூச்சைப் பிடித்து நிற்பார்கள். பெண்டாட்டிகள்தான் விடியற்காலையில் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து அனுப்புவோம். கற்கண்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டவள் நான். பிள்ளைகள் படிக்க வேண்டுமே.

"சரிங்க ஐயா, அப்போ சத்து மாத்திரை மட்டும்..." என்று டாக்டரம்மா முடிக்கப் பார்த்தார்.

"ஐயையோ, பொய்யி டாக்டரம்மா!" என்று கத்திவிட்டேன். "அடப் பாவி மனுஷா, மைன்ஸ் ஷாஃப்ட் மூடி எத்தினி வருஷம் ஆச்சு! இவங்க கம்பெனி டாக்டர் இல்லீங்க. உங்கள மேல அனுப்ப இப்ப யாரு கீறாங்க?"

"யாரும்மா பேசறது?"

திரைக்கு முன்னால் முகத்தை நீட்டினேன். "இவரு பொண்டாட்டி. முப்பது வருஷமா இருமறாரு. ஒளிக்கிறதுக்குக் கூட நின்னவளும் நான்தான்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். கஷாயம் வைத்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

டாக்டரம்மா, "ஐயா, அவங்க சொல்றது நிஜமா?" என்று மெல்லக் கேட்டார்.

இவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அடக்கி அடக்கிக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்டே பழகாத மனுஷன், சின்னக் குரலில் கேட்டார்.

"இருமட்டா?"

"இருமுங்க" என்றேன்.