முப்பத்தெட்டாம் நம்பர் பாட்டு

முப்பது வருடத்துக்கு மேலாக நான் முணுமுணுத்துவந்த பாட்டு என்னுடைய பாட்டே இல்லை என்பது போன மாதம்தான் தெரியவந்தது. சமைக்கும்போதும், குளிர்காலக் காலைகளில் காரின் கண்ணாடியில் உறைந்த பனி இளகும்வரை காத்திருக்கும்போதும் அது தானாக வாய்க்கு வரும். அது என்ன பாட்டு என்று மகன் கேட்டான். ஐந்தாம் வகுப்பில், பத்திரிகையின் பாட்டுத் தரவரிசையிலிருந்து எனக்குத் தந்த பாட்டு என்றேன். பாட்டை எப்படி வகுப்பில் தருவார்கள் என்று சிரித்துவிட்டு, பழைய தரவரிசைகள் எல்லாம் இப்போது இணையத்தில் கிடக்கின்றன, ஆண்டையும் மாதத்தையும் சொல்லுங்கோ என்றான்.

ஆண்டைச் சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கம். சித்திரை மாதம். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக் குசினி மேசையில் அவனுடைய கணினித் திரையில் அந்தக் கிழமையின் நாற்பது பாட்டுகளும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போன கிழமை எந்த இடம், இந்தக் கிழமை எந்த இடம் என்று போட்டிருந்தது. முப்பத்தெட்டாவதில் என்னுடைய பாட்டின் பெயர் இருந்தது. மகன் அதைத் தேடிப் போட்டான். தகரத்தைப் போட்டு அடிப்பது போல ஒரு சத்தம் எழுந்தது. பிறகு ஒருவன் கத்தினான். வாழ்க்கையில் ஒரு நாளும் நான் கேட்டிராத பாட்டு.

யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. எல்லாம் மாமாவின் வேலை.

நாங்கள் அப்போது ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் இருந்தோம். இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு படுக்கையறை வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, அவருடைய சிநேகிதர் ஒருவர். அந்தச் சிநேகிதரை நான் அவருடைய ஊர்ப் பெயரால் அச்சுவேலி அங்கிள் என்று கூப்பிடுவேன். அவர் இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போவார். பகலில் ஹோலின் மூலையில், முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு படுத்திருப்பார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தால் அவரைச் சுற்றிக் குதிக்காலை உயர்த்தித்தான் நடக்கவேண்டும்.

வகுப்பில் எங்களுக்கு வரைபடம் கீறப் பழக்குவதற்கு மிஸ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பத்திரிகையில் வாராவாரம் வரும் பாட்டுத் தரவரிசையைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு பெட்டிக்குள் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். யாருக்கு எந்தப் பாட்டு வருகிறதோ, அவர் அந்தப் பாட்டு ஒவ்வொரு கிழமையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று புள்ளி வைத்துக் கோடு இழுக்கவேண்டும். திங்கட்கிழமை காலையில் எழுந்து நின்று தன் பாட்டு ஏறியதா, வழுக்கியதா என்று வாயால் சொல்லவும் வேண்டும். எனக்கு வாய் திறந்து ஆங்கிலம் பேச வந்தது அந்தத் திங்கட்கிழமைகளில்தான்.

மற்றப் பிள்ளைகள் தங்கள் பாட்டுகளைப் பாடித் திரிந்தார்கள். என்னுடையதை ஒருவரும் பாடவில்லை. எங்கள் வீட்டு றேடியோ அப்பாவின் செய்திக்கும் அம்மாவின் தேவாரக் கசெற்றுக்கும் உரியது. ஆகவே நான் கேட்டேயிராத ஒரு பாட்டுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஆனாலும் அது என்னுடையது. இந்த நாட்டில் எனக்கென்று ஒருவர் தந்த முதல் பொருள் அது. இருபத்தொன்பதில் தொடங்கியது. முப்பத்திரண்டு ஆனது, முப்பத்தைந்து ஆனது, பிறகு முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே போனால் பத்திரிகையில் பெயர் வராது. வராவிட்டால் கோட்டை அதோடு முடித்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் கீறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா என் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்.

"முப்பத்தைஞ்சிலை இருந்து முப்பத்தெட்டுக்கு வந்திருக்கு. கூடித்தானே இருக்கு? பிறகேன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

எண் கூடினால் இறக்கம், குறைந்தால் ஏற்றம் என்று நான் விளங்கப்படுத்தினேன். உது என்ன தலைகீழ்க் கணக்கு என்று அவர் கொஞ்ச நேரம் வாதாடினார். பிறகு, யார் இந்த ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது என்று கேட்டார். கடையில் எத்தனை இசைத்தட்டு விற்கிறது, றேடியோவில் எத்தனை தரம் போடுகிறார்கள் என்பதை வைத்து என்று மிஸ் சொன்னதைச் சொன்னேன். சனங்கள் போன் பண்ணிக் கேட்டால் றேடியோவில் போடுவார்கள் என்றும் சொன்னேன். மாமாவின் முகம் மலர்ந்தது.

"அட, அவ்வளவுதானே? நாங்கள் கேப்பம். கட்டடம் முழுக்கச் சும்மாதானே இருக்கிறாங்கள்."

அடுத்த நாள் மத்தியானம் கீழ்மாடியிலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் ஐந்தாறு பேர் வந்துசேர்ந்தார்கள். எல்லாரும் மாமாவைப் போல இளந்தாரிகள். சனிக்கிழமை என்றபடியால் ஒருவர் சீட்டுக்கட்டோடு வந்தார். அச்சுவேலி அங்கிளையும் எழுப்பி, அவர் படுத்திருந்த மெத்தையைச் சுருட்டிவைத்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அம்மா தேத்தண்ணி போட்டுக்கொடுத்தார்.

சிக்கல் பாட்டின் பெயரில் வந்தது. அதை நான் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக அது உடைந்தது. மாமா கையை உயர்த்தினார்.

"பேரை விடுங்கோடா. நம்பரைச் சொல்லுவம். சோங் நம்பர் தேர்ட்டி எய்ட், பிளீஸ். அவ்வளவு போதும்."

அதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் பாடமாக்கினார்கள். பிறகு மாமா தொலைபேசியைச் சுழற்றத் தொடங்கினார். லைன் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. கிடைத்ததும் அவர் தன் வசனத்தைச் சொன்னார். மறுபக்கத்தில் ஒரு பெண் என்னவோ கேட்டாள். மாமா திரும்பவும் அதே வசனத்தைச் சொன்னார். அவள் ஓகே என்று வைத்துவிட்டாள். மற்றவர்களும் முறைவைத்து எடுத்தார்கள். ஒருவர் குரலைத் தடிப்பாக்கிப் பேசினார். இன்னொருவர் பெண்குரலில் முயன்று சிரிப்பு வந்து பாதியில் வைத்துவிட்டார்.

கடைசியாக அச்சுவேலி அங்கிள். அவர் மாட்டேன் என்றுதான் நின்றார். எல்லாரும் பிடித்துத் தள்ளிய பிறகு, சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தார். இந்தத் தடவை எடுத்தது ஓர் ஆண். அங்கிள் வசனத்தைச் சொல்லிமுடித்ததும், யாருக்காக இந்தப் பாட்டு, உங்கள் பெயர் என்ன என்று அவன் கேட்டிருக்கவேண்டும். ஏனென்றால் அங்கிள் நிமிர்ந்து நின்று, தகப்பன் பெயரை முதலில் சொல்லி, பிறகு தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பிறந்த திகதி, மாதம், ஆண்டு. அதற்குப் பிறகு, நிறுத்தி நிறுத்தி, ஒரு நீண்ட இலக்கம்.

அறை வெடித்தது. ஒருவர் செற்றியில் விழுந்து சிரித்தார். "பைல் நம்பரைக் குடுக்கிறாரடா! றேடியோக்காரனுக்குப் பைல் நம்பர் குடுக்கிறார்!" மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பைல் நம்பர் என்றால் அகதி விண்ணப்பத்தின் இலக்கம் என்று தெரியாமலே நானும் சிரித்தேன். அங்கிள் தொலைபேசியை மெதுவாக வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"சரியாச் சொன்னனான்தானே?"

மாமாவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. "ஓம் அண்ணை, சரியாத்தான் சொன்னனீங்கள்," என்றார்.

பிறகு றேடியோவைச் சுற்றி எல்லாரும் இருந்தோம். அவர்கள் சீட்டு விளையாடினார்கள். நான் றேடியோவின் முன்னால் காலை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டு காத்திருந்தேன். பாட்டுகளும் விளம்பரங்களும் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று அறிவிப்பாளன் படபடவென்று எதையோ சொல்லும்போது, அதற்கு நடுவில், இரண்டு துண்டாக உடைந்த ஒரு தமிழ்ப் பெயர் கேட்டது. அங்கிளின் பெயர். அதோடு பார்க்டேல். அதோடு, ஹப்பி பேர்த்டே!

சீட்டுகளை ஒருவரும் கீழே வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பாட்டுத் தொடங்கிவிட்டது. மெதுவான பாட்டு. முதலில் பியானோ, பிறகு ஒரு பெண்ணின் குரல், அதற்குப் பின்னால் இன்னும் சில பெண்கள். ஆங்கிலப் பாட்டு என்றால் முகத்தைச் சுளிக்கிற அம்மாவும் குசினி வாசலில் அகப்பையோடு நின்று கேட்டார். அதுதான் என்னுடைய பாட்டு என்று நான் நம்பினேன். இவ்வளவு வடிவான பாட்டு ஏன் கீழே போகிறது என்று எனக்குக் கோபமும் வந்தது.

றேடியோ நிலையம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தரவரிசை வைத்திருந்தது என்று மகன் இப்போது சொல்கிறான். நாங்கள் விழுந்து விழுந்து கேட்டது அவர்களுடைய முப்பத்தெட்டாவதை. அது யாருடைய பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் முணுமுணுக்க, மகன் போனை என் வாய்க்கு முன்னால் பிடித்துப் பார்த்தான். அது தந்த பதில் ஒன்றும் சரிவரவில்லை.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மாமா அங்கிளைத் தூக்கிச் சுற்றினார்.

"அக்கா, என்ரை பிறந்தநாள் கார்த்திகையிலை எல்லோ," என்றார் அங்கிள், அம்மாவைப் பார்த்து, ஏதோ பிழை விட்டவரைப் போல.

"ரொறன்ரோ முழுக்கச் சொல்லியாச்சு. இனி மாத்தேலாது. இருந்து பாயாசம் குடிச்சிட்டு வேலைக்குப் போங்கோ," என்றார் அம்மா.

அம்மா உண்மையாகவே சவ்வரிசியை ஊறப்போட்டார். வந்தவர்கள் எல்லாரும் பாயாசம் குடித்தார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் கசப்பு. பாட்டு என்னுடையது, வாழ்த்து அவருக்குப் போய்விட்டது. இருந்தாலும் திங்கட்கிழமைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பத்திரிகைத் துண்டில் என் பாட்டு இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே எல்லாம் தேடினேன். மிஸ் என் தோளில் கைவைத்து, கோட்டைத் தாளின் அடிவரைக்கும் இழுத்து நிறுத்தச் சொன்னார். பின்னேரம் வீட்டுக்கு வந்து செற்றியில் குப்புறப் படுத்து அழுதேன். றேடியோக்காரன் எங்களை ஏமாற்றிப்போட்டான் என்று மாமா தன் பங்குக்குத் திட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

அச்சுவேலி அங்கிள் வேலைக்குப் போக ஆயத்தமாகி, மெத்தையின் விளிம்பில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியும், என்னுடைய வயதில் ஒரு மகளும், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள் என்பதும், அவரை விசாரணைக்கு அழைத்து அகதி என்று ஏற்றுக்கொள்ளும்வரை அவர்களை இங்கே கூப்பிட முடியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அவர் நான் பள்ளிக்கூடத்தால் வருவதைத் துவாய்க்குள்ளால் பார்ப்பார் என்று அம்மா பிறகு ஒருநாள் சொன்னார். விசாரணை வந்தது, அவர்கள் வந்தது, றிச்மண்ட் ஹில் கோவிலில் அந்த மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் போனது எல்லாம் பிறகு நடந்தவை.

"ஏன் பிள்ளை அழுகிறாய்?" என்றார்.

என் பாட்டு இறங்கி வெளியே போய்விட்டது என்றேன். அவர் சும்மா தலையை ஆட்டினார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அழுகை கொஞ்சம் அடங்கியதும் எனக்கு அந்த நீண்ட இலக்கம் நினைவுக்கு வந்தது. இவரும் எங்கேயோ ஒரு வரிசையில் நிற்கிறார் என்று தோன்றியது.

"அங்கிள், உங்களுக்கும் ஒரு நம்பர் இருக்குத்தானே? போனிலை சொன்னீங்கள். அது இந்தக் கிழமை ஏறினதோ, இறங்கினதோ?"

அவர் சப்பாத்து நாடாவை இழுத்து முடிந்தார்.

"ரெண்டும் இல்லை பிள்ளை. நான் வந்த நாள் தொடக்கம் அசையேல்லை."

எனக்கு அழுகை முழுதாக நின்றுவிட்டது. வகுப்பில் ஒருத்தியின் பாட்டு மட்டும்தான் அப்படி இருந்தது. கிழமைக்குக் கிழமை எழுந்து, மாற்றமில்லை என்று சொல்லிவிட்டு அவள் இருப்பாள். எல்லாரும் பொறாமையோடு பார்ப்பார்கள். அது முதலாம் இடத்துப் பாட்டு.

"அசையாட்டி நல்லது அங்கிள்," என்றேன். "முதலாவதா இருக்கிறதுதான் அசையாமல் நிக்கும். அதுக்கு மேலை போக இடமில்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவ்வளவு நேரம் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துத் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெரிய மனிதருக்கு அவருக்கே தெரியாத நல்ல செய்தியைச் சொல்லிவிட்ட பெருமையோடு, நான் எழுந்து கைகால் கழுவப் போனேன்.