அவன் பெயரில் ஒரு காப்புறுதி அட்டை

லொறியை நான் வாங்கியது திறந்த பத்திரத்தில். விற்பவன் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வைத்துத் தருவான், மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். வாங்கியவன் வசதிப்படும்போது அதை நிரப்பி, கொழும்புக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வாகனங்கள் இப்படித்தான் ஓடின. கொழும்பில் போய் வரிசையில் நிற்க எனக்குப் பஞ்சி. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று வருடங்களைப் போக்கினேன்.

விற்றவன் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து மனைவியோடு கற்பிட்டிக்கு வந்தவன். லொறியை என்னிடம் தந்த கையோடு, தாயைக் கூட்டிவர வன்னிக்குப் போனான். சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. பிறகு சண்டை முடிந்து பாதை திறந்தது. அவன் வரவில்லை, தாயும் வரவில்லை. மனைவி கருவாட்டு வாடியில் மீன் காயப்போட்டுச் சீவித்தாள்.

லோட் பிடித்துத் தரும் தரகர் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பானவர். முழுக் காப்புறுதி இல்லாத லொறிக்கு அவரிடம் வெங்காயமும் இல்லை, கருவாடும் இல்லை. வழியில் ஏதும் நடந்தால் சரக்குக்காரர் தன் கழுத்தைப் பிடிப்பார்கள் என்ற பயம். ஆகவே வருடம் தவறாமல் காப்புறுதியைப் புதுப்பித்தேன். லொறி அவன் பெயரில் இருந்தபடியால் காப்புறுதியும் அவன் பெயரில்தான். படிவத்தில் அவனுடைய கையெழுத்தை நானே போட்டேன். போகப் போக அது என் கையெழுத்தைவிட வடிவாக வந்தது.

புது அட்டை வந்ததும் பழையதை அவன் மனைவி கேட்டு வாங்கிக்கொள்வாள். அச்சில் வந்த பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். வாக்காளர் இடாப்பிலும் அவன் பெயரை விடாமல் எழுதுவிப்பாள். ஆள் எங்கே என்று கிராம சேவகர் கேட்டால், "வெளியில போயிருக்கிறார்" என்பாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அண்ணை, நீங்களும் நானும்தான் அவரை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறம்."

காணாமல்போனவர்களுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம் என்று பிரதேச செயலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவள் போகவில்லை. உடம்பைக் காட்டினால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் பாலாவிக்கு இந்தப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. வெங்காயத்தோடு லொறி பள்ளத்தில் புரண்டது. ஓட்டியது நான். எனக்குத் தோள் எலும்பு போனது, லொறிக்குச் சேஸி முறிந்தது. மாட்டுக்கு ஒன்றுமில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

காப்புறுதிக் கந்தோரில் இருந்தவர் பண்பான ஆள்தான். அந்தப் பண்புதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"உரிமையாளர் வந்து கையெழுத்து வைக்கவேணும்."

நான் திறந்த பத்திரத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவும் இல்லை. "இது உங்களை உரிமையாளர் ஆக்காது. விபத்து நடந்த அன்றைக்குப் பதிவில இருந்தவர் அவர்தானே?"

"அவர் காணாமல்போனவர்."

"அப்ப அவருடைய மனைவி கேட்கலாம். மரண அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவந்தால் சரி."

இரண்டு தரம் வாடிக்குப் போய், வாய் திறக்க முடியாமல் திரும்பினேன். மூன்றாம் தரம் அவளே கேட்டாள். "லொறிக்கு என்ன செய்யப்போறியள், அண்ணை?"

சொன்னேன். வேறு தொழில் தெரியாது, இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அவள் குந்தியிருந்து மீனை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்த வரிசை முடிந்த பிறகுதான் பேசினாள்.

"அவர் ஆசைப்பட்டு வாங்கின லொறி. கிடந்து கறள் பிடிக்க விடேலாது."

அடுத்த கிழமை இரண்டு பேரும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். சண்டைக்குப் பிறகு அவன் வரவே இல்லை என்ற சத்தியக் கடதாசியில் சாட்சியாக ஒப்பமிட்டேன். அன்றைக்கு மட்டும் என் சொந்தக் கையெழுத்து. இறந்த திகதி என்ன என்று எழுதுநர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் அவரே, சண்டை முடிந்த மாதத்தில் ஒரு திகதியைப் போட்டார். பஸ் தரிப்பிடத்தில் அவள் அழவில்லை. பத்திரத்தை நாலாக மடித்து, பாண் வாங்கிய பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இறந்த திகதிக்குப் பிறகு அவருடைய கையெழுத்தில் எழுதப்பட்ட காப்புறுதி செல்லாது, இறந்தவர் ஒப்பந்தம் செய்ய முடியாது, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. கட்டணம் வாங்கிய வருடங்களில் மட்டும் அவன் உயிரோடு இருந்திருக்கிறான். யாரையாவது பிடித்து ஏச வேண்டும்போல இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான், பெயரை மாற்றப் பஞ்சிப்பட்டவனும் நான். யாரை ஏச?

லொறியைப் பழைய இரும்புக்காரர் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வருட வாக்காளர் இடாப்பில் கிராம சேவகர் அவன் பெயரைக் கேளாமலே வெட்டிவிட்டார். அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதே.

கடிதத்தில் இருந்ததை நான் சொல்லி முடித்தபோது அவள் வாடியில் உப்புக் கையோடு நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"லொறிக்கு உதவேல்லை எண்டால், அந்தப் பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கலாமோ, அண்ணை?"

"ஓம், விசாரிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

விசாரித்தேன். திருப்பிக் கொடுக்க, அவனே நேரில் வரவேண்டும் என்றார்கள். இதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வாடிப் பக்கம் போவதையும் விட்டுவிட்டேன்.