கொதிகலன் நின்ற பின்னேரம்

துறைமுகத்தை அண்டிய அந்தத் தொழிற்சாலை தனக்கு வேண்டிய மின்சாரத்தை நிலக்கரி எரித்து எடுத்தது. கொதிகலனுக்குக் கீழே சாம்பல் அள்ளுகிறவர்கள் இரண்டு பேர். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் போகும் நான் ஒருவன். மற்றவர் கிண்ணியாக்காரர், வயதில் மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். சாம்பல் வந்து சேரும் பெரிய இரும்புப் புனலின் அடிக்கதவைத் திறந்து, சாம்பலைக் கம்பியால் குத்தி இறக்க வேண்டும். ஒருமுறை, இறுகி நின்ற சூட்டுச் சாம்பல் தண்ணீரைப்போல ஒரேயடியாகக் கொட்டி நானாவின் இடதுகாலைச் சுட்டுவிட்டது. மூன்று மாதம் அவர் செருப்புப் போடவில்லை.

பிறகு தானியங்கி வந்தது. காற்றழுத்தம் சாம்பலைக் குழாய்வழியே தள்ளித் தொட்டியில் சேர்க்கும், இனி மனிதக் கை படத் தேவையில்லை என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அந்த வேலையை நினைத்து ஏங்குகிறவர் அதைச் செய்திருக்க மாட்டார். நானாவைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். என்னைத் திரைக்கு முன்னால் கதிரையில் இருத்தினார்கள்.

முதல் மாரியிலேயே சாம்பல் ஈரம் பிடித்தது. புனல் வெறுமை என்று திரை பச்சை காட்டியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கீழே போய்ச் சுத்தியலால் தட்டினேன். வெறும் இரும்பு கணீரென்று கேட்கும். இது மண்மூட்டையில் அடித்ததுபோல மொத்தென்றது.

பொறியியலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைவிட இளையவர், மரியாதையாகத்தான் கதைப்பார். கொதிகலனை நிறுத்தக் கூடாதென்று மேலிடத்திலிருந்து அவருக்கு அழைப்புமேல் அழைப்பு. கதவைக் கொஞ்சம் திறந்து குத்திவிடச் சொன்னார்.

“ஏலாது சேர். நிப்பாட்டுங்கோ, ஆறட்டும். பிறகு திறக்கிறன்.”

“முந்தி இப்பிடித்தானே செய்தனீங்கள்?”

“ஓம், செய்தனாங்கள். அதாலதான் சொல்லுறன்.”

வேறு ஆளை அனுப்பப் போவதாகச் சொன்னார். நான் கம்பியை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்றேன். வேலை போகலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் நகரவில்லை. பின்னேரம் கொதிகலன் நின்றது. மறுநாள் ஆறியபின் பார்த்தால், வெறுமை என்று திரை சொன்ன புனல் கழுத்துவரை நிரம்பிக் கிடந்தது.

அடுத்த கிழமை என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டால் விசயம் முடிந்துவிடுமென்று பலர் புத்தி சொன்னார்கள். நான் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. திரும்பவும் சொன்னால் திரும்பவும் மறுப்பேன் என்ற வரியை அடிக்கோடிட்டேன். நானா தானாக வந்து, தன் கால் சுட்ட கதையை இரண்டு வரியில் சேர்த்து, சாட்சியாகக் கையெழுத்து வைத்தார்.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் என்னை முற்றம் கூட்ட விட்டார்கள். கூட்டினேன். அடுத்த அடைப்பு வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனபோது கொதிகலன் ஏற்கெனவே நின்றிருந்தது. புனலின் கதவில் புதுப்பலகை ஒன்று: இயங்கும்போது திறக்கக் கூடாது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். கீழே வேலை செய்கிற பாதிப்பேருக்கு அது வாசிக்கத் தெரியாது. நானா களஞ்சியத்திலிருந்து சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்தார். ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், மற்ற இரண்டையும்விடப் பெரிய எழுத்தில் அதையே தமிழில் எழுதினேன்.

பொறியியலாளர் வந்து நின்று வாசித்தார். ‘கூடாது’ என்பதற்கு முன் ஒரு ‘க்’ விடுபட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். இடையில் நுழைத்து எழுதினேன்.