அத்திம்பேர் வீட்டு மலை

அக்காவின் கணவர் திருவானைக்காவலில் புது ஃபிளாட் வாங்கியதும் ஹாலில் ஒரு பெரிய ஓவியத்தை மாட்டினார். பாதி உருவம், பாதி வெறும் நிறம் என்கிற வகை. கீழே காவி, நடுவில் கரும்பழுப்பாக ஒரு மேடு, மேட்டின் அடியில் ஓவியக் கத்தியால் இழுத்த வெள்ளை, மேலே மங்கிய ஊதா. கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர்களை அதன் முன்னால் நிறுத்தி, சாயங்கால வெளிச்சத்தில் மலைக்கோட்டை, கீழே காவேரி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். நல்ல ஓவியம். அந்த வெள்ளையை இழுத்த கைக்குத் துணிச்சல் இருந்தது. அதனாலேயே எனக்கு வயிறு எரிந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்திருந்தார். தண்ணீர் வற்றிய கொள்ளிடத்தை வரைந்து சுவரில் மாட்டியிருந்தேன். நான் மாட்டிய முதல் படம்.

"பெயிண்ட் கொட்டிடுத்தா? துடைக்கத் துணி கொண்டு வரட்டுமா?" என்றார் அத்திம்பேர்.

சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாள் காலை படத்தைக் கழற்றினேன். அதன்பின் தூரிகையைத் தொடவில்லை.

இப்போது என் பக்கம் திரும்பி, "நீயும் வரைஞ்சவளாச்சே, சொல்லு" என்றார்.

சொன்னேன், குரலை உயர்த்தாமல். மலை என்றால் சாயங்கால வெளிச்சம் ஒரு பக்கத்தில் விழ வேண்டும். இதில் வெளிச்சம் அடியில் இருக்கிறது. ஆகவே இது தண்ணீரில் கிடக்கும் ஏதோ ஒன்று. பழுப்புக்குள் இருப்பது ஈரக் கருப்பு. உச்சியில் இரண்டு பக்கமும் வளைவது கொம்பு.

"எருமை, அத்திம்பேர். நமக்குப் பின்பக்கத்தைக் காட்டிண்டு படுத்திருக்கு."

ஒரு மாமி ஆமாம் என்றார். இன்னொருவர், புது வீட்டில் எமன் வாகனமா என்று முணுமுணுத்தார். அதற்குப் பின் அங்கே யாருக்கும் மலை தெரியவில்லை. இந்த வகை ஓவியத்தில் ஓர் உருவத்தை ஒருமுறை காட்டிவிட்டால் கண் அதை விடாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். அத்திம்பேர் படத்துக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறாராம். ஆசையாக வாங்கியதைக் கழற்றவும் மனசு வரவில்லையாம்.

"மலைதான்னு ஒரு வார்த்தை சொல்லிடேண்டி. நீ சொன்னா நம்புவார்."

நம்புவார் என்று எனக்கும் தெரியும்.

"இடது ஓரத்துல வாலும் தெரியறது அக்கா," என்றேன். "கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லு."