தவளையை முந்தின நாளே கட்டிவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, காரிமங்கலத்தைத் தாண்டி ஒரு டீக்கடை வாசலில், நான் ஒரு மனிதரைத் தூண்டிலில் பிடித்தேன்.

பொய்யில்லை. நல்ல வாட்டசாட்டமான ஆள். தோளில் துண்டு, கையில் டீ கிளாஸ், வாயில் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை.

எப்படி நடந்தது என்று சொல்ல, வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்றைக்கு என் மகள் பவித்ரா ஓசூரிலிருந்து வந்தாள். மூன்றாவது மாதம். மசக்கை புரட்டி எடுக்கிறது. இட்லியைப் பார்த்தால் குமட்டல், காபி வாசனை வந்தால் பாத்ரூமுக்கு ஓட்டம். மோர் சாதம் இரண்டு வாய், அதுவும் தங்குவதில்லை. கன்னமெல்லாம் ஒட்டிப்போய் வந்து நின்றவளைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"என்ன வேணும்னு சொல்லு பாப்பா. அப்பா எங்க இருந்தாலும் வாங்கிட்டு வரேன்."

"வெரால் மீன் கொழம்பு."

"அவ்வளவுதானே? இதோ மார்க்கெட்டுக்கு..."

"வாங்குறது வேண்டாம்ப்பா. நீங்க புடிச்சது வேணும். நான் பொறந்ததுல இருந்து ராடைத் தூக்கிட்டுப் போறீங்க. ஒரு தடவையாச்சும் நீங்க புடிச்ச மீனைத் தின்னு பாக்கணும்."

இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிப்பவர்களுக்கு என் மீன்பிடி வரலாறு தெரியும். தெரியாதவர்களுக்கு — ராடு உண்டு, ரீல் உண்டு, தலைக்குத் தொப்பி உண்டு. வீட்டுக்கு மீன் மட்டும் வந்ததில்லை. கிடைத்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன் என்று நான் சொல்வது வழக்கம். போட்டோ எங்கே என்று என் மனைவி மல்லிகா கேட்பது வழக்கம்.

மல்லிகா அன்றைக்கும் சும்மா இருக்கவில்லை. "மசக்கையில மாங்கா கேப்பாங்க, சாம்பல் கேப்பாங்க. இவளைப் பாருங்க... நடக்காத காரியத்து மேல ஆசை வருது!"

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரியும் அவள் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். சனிக்கிழமை ஏரி தேடுவதிலேயே போய்விடும். ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு காலை.

நண்பர் ஒருவர், ஏரிக் குத்தகைக்காரர் மாதையனின் நம்பரைக் கொடுத்தார். அவரை நான் பார்த்ததில்லை. போன் போட்டேன்.

"வெராலுங்களா? தாராளமா புடிங்க சார். நான் வுட்ட கட்லா குஞ்சையெல்லாம் அதுதான் தின்னு தீக்குது. ஏழு மணிக்குள்ள முடிச்சுக்குங்க. அப்புறம் நம்ம ஆளுங்க வலையோட எறங்கிருவாங்க."

ஏழு மணிக்குள்! இப்போது கேள்வி — லூரை எப்போது கட்டுவது?

லூர் என்றால் பொய் இரை. விராலுக்கு ரப்பர் தவளை. வயிற்றுக்குள் காற்று, முதுகோரம் இரண்டு தூண்டில் முள். மிதக்கவிட்டுச் சுண்டிச் சுண்டி இழுத்தால் நிஜத் தவளை தத்திப் போகிறமாதிரியே இருக்கும். இந்தத் தவளையைத் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட்டுக் கட்டும் நேரம் பற்றி தூண்டில்காரர்கள் எங்களுக்குள் தீராத சண்டை உண்டு. ஒரு கட்சி, கரைக்குப் போய் தண்ணீரின் நிறம், பாசி, காற்று எல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் கட்டும். இன்னொரு கட்சி, முந்தின நாளே வீட்டில், நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்து நிதானமாகக் கட்டும். இருட்டில் நடுங்கும் விரல்களோடு முடிச்சுப் போடுகிற நேரத்தில் மீன் டிபனை முடித்துவிட்டுப் போய்விடும் என்பது இவர்கள் வாதம்.

நான் முந்தின நாள் கட்சி. கல்யாணத்துக்குப் போவதென்றால் இரண்டு நாள் முன்பே மொய்க் கவரில் பெயர் எழுதி வைக்கிற ஜாதி.

சனிக்கிழமை சாயங்காலம் டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பச்சைத் தவளை. ராடின் இரண்டு துண்டையும் பொருத்தி, நரம்பை வளையம் வளையமாகக் கோத்து, முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்கி, இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. அந்தத் திருப்தியில் கண்ணாடியைக் கழற்றி டிவி மேல் வைத்தேன்.

கட்டியாகிவிட்டது. இனிமேல் கண்ணாடி எதற்கு?

விடியுமுன் கிளம்பினேன். ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ராடைக் கட்டியிருந்தேன். முழு நீள ராடு... பின்னால் வால் போல நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் தவளை ஆடிக்கொண்டே வந்தது. காரிமங்கலம் தாண்டி, ஏரிக்குத் திரும்பும் இடத்தில் அந்த டீக்கடை. ஒரு டீ குடித்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, முறுக்கினேன்.

கிர்ர்ர்ர்ர்ர்...

ரீல் பாடியது! பெரிய மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது மட்டுமே வருகிற சத்தம். இந்தச் சத்தத்துக்காகத்தானே இத்தனை வருஷம் வெயிலில் நின்றேன்? ஒரு விநாடி, சத்தியமாக, சந்தோஷப்பட்டேன். ரோட்டில் ஏது மீன் என்ற யோசனை அப்புறம்தான் வந்தது.

"யோவ்! நிறுத்துயா வண்டிய!"

திரும்பினேன். அந்த ஆளின் தோள் துண்டு கயிறுபோல விறைத்து நின்றது. ஒரு முனை அவர் கையில், மறுமுனையில் என் தவளை. பாதி டீ சட்டையில்.

"கண்ணு தெரியாதா உனுக்கு? மனுசன் மேல தூண்டில் போடுற?"

"மன்னிச்சுக்குங்கண்ணே. ஏரிக்கு மீன் புடிக்க வந்தேங்க. மாதையன்னு ஒருத்தர்... குத்தகைக்காரரு... அவரு பர்மிஷன் குடுத்திருக்காருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாந்தாயா அந்த மாதையன்."

என் முகம் போன போக்கைப் பார்த்து டீ மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

முள்ளை எடுக்கப் பார்த்தோம். கெட்டியான ஈரிழைத் துண்டு, நல்ல சிவப்பு. முள்ளின் எதிர்க்கொக்கி நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது.

"நரம்ப அறுத்துட்டு வேற கட்டிக்கிங்க சார். பொழுது விடியுது" என்றார் மாதையன். கோபத்திலும் 'சார்' திரும்ப வந்திருந்தது. கொஞ்சம் தெம்பானேன்.

அப்போதுதான் சட்டைப் பையைத் தொட்டேன். வெறும் பை. டிவி மேல் இருக்கும் கண்ணாடி கண்ணுக்குள் வந்தது. தூரத்தில் தீர்த்தமலை பஸ் வந்தால் போர்டைப் படித்துவிடுவேன். கைக்குள் இருக்கும் நரம்பு எனக்குத் தெரியாது.

"கண்ணாடி கொண்டாரலைங்க. நேத்தே கட்டிட்டனேன்னு..."

"எனுக்கும் கிட்டத்துல தெரியாதுங்களே" என்றார் அவர். டீ மாஸ்டரைப் பார்த்தோம். "நான் போடுற முடிச்சுல என் லுங்கியே நிக்காது, ஆள வுடுங்க" என்றார் அவர்.

நாம் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? முன்கூட்டியே தயாராவதில் ஒரு போதை இருக்கிறது. ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, காலையில் பேன்ட்டைத் தேடுகிறோம். ஒன்றை முடித்த நிம்மதியில் இன்னொன்றை மறக்கிறோம். முடித்தது எவ்வளவு கச்சிதமோ, மறந்தது அவ்வளவு பெரியதாக இருக்கும்.

கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மாதையன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஒரு மீனுக்கு ஏன் சார் இப்படித் தவிக்கிறீங்க?" என்றார். சொன்னேன். மகள், மூன்றாவது மாதம், அப்பா பிடித்த மீன்தான் வேண்டுமாம், சாயங்காலம் கிளம்பிவிடுவாள்...

அவர் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"துண்ட அறுங்க."

"அண்ணே..."

"மாசமா இருக்கற புள்ள வாய்விட்டுக் கேட்டுருக்குது. துண்டு என்னாங்க, சட்டையே போவட்டும்."

டீ மாஸ்டர் பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலை நீட்டினார். தவளையைச் சுற்றித் துண்டை வெட்டினேன். ஒட்ட வெட்ட பயம் — கண் தெரியாமல் நரம்பை வெட்டிவிட்டால்? அதனால் பெருவிரல் அகலத்துக்குச் சிவப்புத் துணி தவளையின் பின்னால் தொங்கிக்கொண்டு நின்றது. கோவணம் கட்டின தவளை.

ஏரியில் அல்லி இலைகள் மூடிக் கிடந்தன. எறிந்தேன். சுண்டினேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் எறிந்தேன். ஒரு கொக்கு பறந்து போனது. மாதையனும் கூடவே நின்றார். வெட்டுப்பட்ட துண்டு அவர் தோளில். அரை மணி நேரம் போயிருக்கும். தூரத்தில் ஆட்கள் வலையைச் சுமந்துகொண்டு கரையில் ஏறுவது தெரிந்தது.

மாதையன் தொண்டையைச் செருமினார். "சார், நேத்து வலையில வந்த வெரால் ஒண்ணு தொட்டியில கெடக்குது. எடுத்துட்டுப் போங்க. புள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாதுதான். குழம்பில் போட்டுவிட்டால் எந்த மீன் யார் பிடித்தது என்று யார் கண்டார்கள்? எனக்கு ஆசையாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவள் முதல் வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாளே... அப்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பது?

"இன்னும் ரெண்டே ரெண்டு தடவை எறிஞ்சுக்கறேங்க."

எறிந்தேன். அல்லி இலைகளுக்கு நடுவில் ஒரு சின்னச் சந்து. தவளை தத்தியது. பின்னால் சிவப்புத் துணி ஆடியது. தொபுக்கென்று தண்ணீர் வாயைத் திறந்து தவளையை விழுங்கியது.

கிர்ர்ர்ர்ர்ர்...

இந்த முறை முதல் வேலையாக நான் திரும்பி மாதையனைத்தான் பார்த்தேன். துண்டு தோளிலேயே இருந்தது. அப்படியானால் இது மீன்தான்!

"வுடாதீங்க சார்! இழுங்க! இலைக்குள்ள வுட்றாதீங்க!"

ராடு வளைந்தது. முடிச்சு... டியூப்லைட்டுக்குக் கீழே எச்சில் தொட்டுப் போட்ட முடிச்சு... நின்றது! என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், கறுத்துப் பளபளவென்று, கரையில் ஏறிப் புரண்டது. மாதையன் பாய்ந்து இரண்டு கையாலும் அமுக்கினார். அவர் கத்தினார், நான் கத்தினேன். நரைத்த தலை இரண்டு சேற்றில் குதிப்பதைப் பார்த்து வலை ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முள்ளைக் கழற்றியபோது தவளையில் ஒன்றிரண்டு நூல்தான் மிச்சம். துணி தண்ணீரில் போய்விட்டது என்று நினைத்தேன்.

வீட்டில் மல்லிகா பையைத் திறந்து பார்த்தாள்.

"எந்தக் கடையில வாங்குனீங்க?"

முழுக் கதையையும் சொன்னேன். தவளை, துண்டு, கத்தரிக்கோல், எல்லாம். அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். "குத்தகைக்காரர் துண்டக் கிழிச்சுக் குடுத்தாராம், அதைப் பாத்து மீன் வந்துச்சாம். பத்திரிகையில எழுதறதையெல்லாம் இங்க சொல்லாதீங்க." சோபாவில் படுத்திருந்த பாப்பாவும் என்னைப் பார்த்தாள். நம்பவும் ஆசை, சந்தேகமும் இருந்தது அந்தப் பார்வையில். மாதையனுக்குப் போன் போடுகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் பேசி வெச்சிருப்பீங்க" என்று மல்லிகா மீனோடு பின்பக்கம் போய்விட்டாள்.

கல்லுப்பைப் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அரிவாள்மணை சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

"பாப்பா... இங்க வா."

நான்தான் முதலில் ஓடினேன். மல்லிகாவின் உள்ளங்கையில், விராலின் தொண்டையிலிருந்து எடுத்த சிவப்புத் துணி. பெருவிரல் அகலம்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த அதே பார்வை. "நெசமாவே நீங்கதான் புடிச்சிருக்கீங்க" என்றாள்.

மத்தியானம் பாப்பா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் நேராகப் பார்த்தேன். துப்பட்டா இறங்கியது. இரண்டாம் முறை சோறு கேட்டாள். தங்கியது! மிச்சக் குழம்பு டிபன் பாக்ஸில் ஓசூருக்குப் போனது. சிவப்புத் துணி, அலசிக் காயப்போட்டு, கிளிப் மாட்டி, கொடியில் என் பனியனுக்குப் பக்கத்தில் தொங்கியது.

நேற்று புதுத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு மாதையனைப் பார்க்கப் போனேன். கண்ணாடி கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கியது. புதுத் துண்டைச் சந்தோஷமாகத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பழைய துண்டை, ஓரத்தில் ஓட்டையோடு, மடித்து என் கையில் வைத்தார்.

"வெச்சுக்குங்க சார். இதுல இன்னும் ஒரு நாப்பது வெரால் கெடக்குது."